பங்கு பிரிப்பவரே பங்கைத் தேர்ந்தெடுக்கலாமா?

ஓர் அமைப்பைச் சேர்ந்தோருள் பெரும்பாலோர் ஒருவரைத் தலைவராக ஏற்றுக்கொண்ட பின்னர், அவர் அந்த இடத்திற்கு எவ்வழியே வந்தார் என்று கேட்பது தேவையா? 2022ஆம் ஆண்டில் அனைத்திந்திய அண்ணா திராவிட முன்னேற்றக் கழகத்தில் தலைமைப் பூசல் மூண்டபோது இக்கேள்வி தமிழகமெங்கும் எழுந்தது. தூத்துக்குடித் துறைமுகத்துத் தேநீர்க் கடைகளிலும், ஜும்ஆ முடிந்து மக்கள் கலையும் பள்ளிவாசல் முற்றங்களிலும் அது பேசப்பட்டது. ஆள்பலம் யாரிடம் இருக்கிறதோ அவரே தலைவர், இதில் ஆராய என்ன இருக்கிறது என்றனர் ஒரு சாரார். விதியை வளைத்துச் சேர்த்த பலம் பலமாகுமா என்றனர் மறு சாரார்.

இரு சாராரும் தாம் பேசுவது கட்சி அரசியல் என்றே கருதினர். சற்று ஊன்றி நோக்கின், அவர்கள் பேசியது அமானத்தைப் பற்றி என்பது புலனாகும். பிறர் நம்பி ஒப்படைத்த ஒன்றை, அதைப் பெற்றுக்கொண்டவர் எந்த எல்லை வரை தம் விருப்பப்படி கையாளலாம் என்பதே அவ்விவாதத்தின் உட்பொருள். ஆதலால் இது கட்சிக்காரர்களுக்கு மட்டும் உரிய வழக்கன்று. ஒரு ஜமாஅத்தையோ மதரஸாவையோ நடத்துகின்ற ஒவ்வொருவருக்கும் உரியது. எத்தலைவருக்கும் சார்பாகவோ எதிராகவோ எழுதுவது நம் நோக்கமன்று. அரசியலில் நடந்த ஒன்றை மார்க்க அறிவின் ஒளியில் வைத்துப் பார்ப்பதே நோக்கம்.

நடந்தவை

அக்கட்சியின் பிறப்பிலிருந்தே தொடங்குவது நலம். 1972 அக்டோபரில், திராவிட முன்னேற்றக் கழகத்தின் பொருளாளராக இருந்த எம்.ஜி.ஆர்., கட்சியினர் கணக்குக் காட்ட வேண்டுமெனப் பொதுமேடையில் கேட்டார், கட்சியிலிருந்து நீக்கப்பட்டார். அம்மாதம் 17ஆம் நாள் அவர் புதிய கழகத்தைத் தொடங்கினார். அதன் சட்டதிட்டங்களுள் ஒன்று தனித்துக் குறிப்பிடத்தக்கது. பொதுச்செயலாளரை நிர்வாகிகளோ பொதுக்குழுவோ அல்லாமல், அடிப்படை உறுப்பினர் அனைவரும் வாக்களித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதே அது. பிற விதிகளைப் பொதுக்குழு மாற்றலாம். இந்த ஒன்றை மட்டும் மாற்றலாகாது என்றும் வகுக்கப்பட்டது. நிர்வாகிகள் கூடி எடுத்த முடிவால் வெளியேற்றப்பட்ட ஒருவரின் கட்சியில் இத்தகைய விதி இடம்பெற்றதன் காரணத்தை ஊகிப்பது கடினமன்று.

1987 டிசம்பர் 24இல் எம்.ஜி.ஆர். மறைந்தார். கட்சி இரண்டாகப் பிளந்தது. இரட்டை இலைச் சின்னம் முடக்கப்பட்டது. 1989 தேர்தலில் ஓர் அணி சேவல் சின்னத்திலும் மற்றோர் அணி இரட்டைப் புறாச் சின்னத்திலும் நின்றன. ஆட்சி தி.மு.க.வுக்குச் சென்றது. பின்னரே இரு அணிகளும் ஒன்றாயின, சின்னமும் மீண்டது.

2016 டிசம்பர் 5இல் ஜெயலலிதா மறைந்த பின் அதே கதை வேறு உருவில் திரும்பியது. அம்மாதம் 29ஆம் நாள் பொதுக்குழு கூடி வி.கே. சசிகலாவைப் பொதுச்செயலாளராக நியமித்தது. 2017 பிப்ரவரியில் பிளவு, மார்ச்சில் சின்னம் முடக்கம், செப்டம்பர் 12இல் மற்றொரு பொதுக்குழு. அது முந்தைய நியமனத்தை நீக்கியது. பொதுச்செயலாளர் பதவி மறைந்த தலைவிக்கே என்றும் உரியது என்று கூறி, ஒருங்கிணைப்பாளர், இணை ஒருங்கிணைப்பாளர் என்னும் இரு புதிய பதவிகளை உண்டாக்கியது. முன்னதில் ஓ. பன்னீர்செல்வமும் பின்னதில் எடப்பாடி க. பழனிசாமியும் அமர்ந்தனர். 2021 டிசம்பரில் செயற்குழு விதியைத் திருத்தி, அடிப்படை உறுப்பினர்கள் ஒரே வாக்கால் இவ்விருவரையும் சேர்த்துத் தேர்ந்தெடுக்க வழி செய்தது. தேர்தல் அறிவிக்கப்பட்டது, இருவரும் போட்டியின்றி வந்தனர்.

ஆறே மாதத்தில் ஒற்றைத் தலைமை வேண்டும் என்ற குரல் எழுந்தது. 2022 ஜூன் 23 விடியற்காலை வரை உயர்நீதிமன்ற நீதிபதிகள் அமர்ந்து, முன்னரே அறிவிக்கப்பட்ட 23 தீர்மானங்களுக்கு அப்பால் முடிவெடுக்கலாகாது என்று ஆணையிட்டனர். அன்று சென்னை வானகரத்தில் கூடிய பொதுக்குழு அந்த 23 தீர்மானங்களையுமே நிராகரித்தது. அவைத்தலைவராக அங்கே தேர்வு செய்யப்பட்ட தமிழ்மகன் உசேன், அடுத்த பொதுக்குழு ஜூலை 11இல் கூடும் என அறிவித்தார். அந்நாளில் பழனிசாமி இடைக்காலப் பொதுச்செயலாளராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பன்னீர்செல்வம் கட்சியிலிருந்தே நீக்கப்பட்டார். அவரும் அதே நாளில், பழனிசாமியை நீக்குவதாக அறிவித்தார். இராயப்பேட்டைத் தலைமை அலுவலகத்தில் கற்கள் பறந்தன. வருவாய்த்துறையினர் அக்கட்டடத்திற்குச் சீல் வைத்தனர்.

வழக்குகள் மேலும் கீழுமாகச் சென்றன. ஆகஸ்டு 17இல் ஒரு நீதிபதி முந்தைய நிலையே தொடர வேண்டும் என்றார். செப்டம்பர் 2இல் இரு நீதிபதிகள் அதை நீக்கினர். 2023 பிப்ரவரி 23இல் உச்சநீதிமன்றம் பின்னதை உறுதி செய்தது. மார்ச் 28இல் பழனிசாமி பொதுச்செயலாளராக அறிவிக்கப்பட்டார். இத்தேர்தலிலும் போட்டியில்லை.

இவ்வாறு போட்டியின்றிப் போனதன் காரணங்களுள் ஒன்று கவனிக்கற்பாலது. பொதுச்செயலாளரை அடிப்படை உறுப்பினர்களே தேர்ந்தெடுப்பர் என்னும் விதி மீண்டும் எழுதப்பட்டது. ஆயினும் ஜூலை 11இல் அதனோடு புதிய நிபந்தனைகள் இணைக்கப்பட்டன. வேட்பாளரைப் பத்து மாவட்டச் செயலாளர்கள் முன்மொழிய வேண்டும், பத்துப் பேர் வழிமொழிய வேண்டும், அவர் தலைமைக் கழகப் பொறுப்பில் ஐந்தாண்டுகள் இருந்திருக்க வேண்டும் என்பன அவை. தலைமையின் நம்பிக்கை நீங்கினால் மாவட்டச் செயலாளர் பதவியும் நீங்கும் என்பது நம் மாநில அரசியலில் எவரும் அறிந்த ஒன்று. தலைமையை எதிர்த்து நிற்க விரும்புபவர், தலைமையின் தயவில் இருக்கும் இருபது பேரின் கையொப்பத்தை முதலில் பெற்றாக வேண்டும். வாக்குச்சாவடியின் கதவு எல்லா உறுப்பினருக்கும் திறந்திருக்கிறது. ஆனால் அவர்கள் முன் வைக்கப்படும் பெயர் எது என்பது அதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது.

நியாயம் ஒரு பக்கமே இல்லை

ஒற்றைத் தலைமை கேட்டவர்கள் பக்கமும் நியாயம் இருந்தது என்பதை மறைத்தலாகாது. ஒரு தோணிக்கு இரண்டு தண்டல்கள் இருந்தால் அது கொழும்பும் சேராது, தூத்துக்குடிக்கும் திரும்பாது. இருவரும் கையெழுத்திட்டால்தான் எதுவும் நடக்கும் என்னும் ஏற்பாடு, ஒருவர் மறுத்தால் எல்லாமே நின்றுவிடும் ஏற்பாடாகவும் இருந்தது. பொதுக்குழு உறுப்பினருள் மிகப் பெரும்பாலோர் மாற்றம் வேண்டினர் என்பதும் உண்மை. இன்னும் ஒன்று: விதி மீறப்பட்டது என்று முறையிட்டவரும், 2017இலும் 2021இலும் விதிகள் தமக்கு இசைவாகத் திருத்தப்பட்டபோது அங்கேயே அமர்ந்திருந்தவர்தாம். தமக்கு நன்மை பயந்தபோது ஏற்ற முறையைத் தமக்குத் தீங்கு பயந்தபோது மட்டும் பழிப்பவரின் வாதம் வலுவிழந்தே நிற்கும்.

ஆகவே இவர் நல்லவர், அவர் தீயவர் என்று பிரித்துக் காட்டுவதற்கு இது தக்க வழக்கன்று. இரு தரப்பாரும் ஒரே முறையைப் பயன்படுத்தினர். அந்த முறையே நம் ஆராய்ச்சிக்கு உரியது. விதியை எழுதுபவர், அவ்விதியின்கீழ் போட்டியிடுபவர், முடிவை அறிவிப்பவர், எதிர்ப்பவரை நீக்குபவர் ஆகிய நால்வரும் ஒரே தரப்பினராக இருப்பது நேர்மைக்கு ஒத்ததா?

எங்கள் கரை கண்ட முறை

இதற்கு விடை தேட நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. மன்னார் வளைகுடாவின் முத்துச் சலாபங்களில் ஒரு வழக்கம் இருந்தது. கீழக்கரை, காயல்பட்டினம் முதலிய ஊர்களின் முஸ்லிம்களும் பரதவரும் கடலில் மூழ்கிச் சிப்பி எடுத்தனர். படகுகள் கரை சேர்ந்ததும் சிப்பிகள் 'கொட்டு' எனப்பட்ட அடைப்புக்குள் கொண்டு செல்லப்படும். மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு, ஒரு பங்கு மூழ்கியவர்களுக்கு. சிப்பிக்குள் முத்து உண்டா இல்லையா என்பது எவருக்கும் தெரியாது. எடுத்தவனுக்கு மட்டும், எது முற்றிய சிப்பி, எது இளஞ்சிப்பி என்பதில் ஓரளவு அறிவு உண்டு. இந்நிலையில் பங்கீடு எப்படி நடந்தது? மூழ்கியவர்களே சிப்பிகளை மூன்று குவியல்களாகப் பிரிப்பர். எந்தக் குவியல் அவர்களுடையது என்று காட்டுபவர் அரசின் ஆள். எந்தக் குவியல் தமக்கு வரும் என்று தெரியாததனால், பிரிப்பவர் மூன்றையும் சமமாகவே பிரித்தாக வேண்டும். பிரிப்பதும் எடுப்பதும் ஒரே கையில் இருந்திருந்தால், நாள்தோறும் அக்கரையில் அடிதடி நடந்திருக்கும்.

இந்தியக் கரையில் 1961க்குப் பிறகு அரசின் சலாபம் நடைபெறவில்லை. ஆயினும் அவ்வழக்கத்தில் உறைந்திருந்த அறிவு பழமையாகிவிடவில்லை. அங்கே எவருடைய நல்லெண்ணத்தையும் எவரும் சோதிக்கவில்லை. நல்லவரும் அல்லாதவரும் ஒருங்கே நேர்மையாக நடக்கும்படி ஏற்பாடு அமைந்திருந்தது. அவ்வளவுதான்.

இதே அறிவை நம் தொடக்க கால வரலாறு இன்னும் உயர்ந்த தளத்தில் காட்டுகின்றது. ஹிஜ்ரி 23இல் கலீஃபா உமர் (ரலி) அவர்கள் கொலையாளியின் கத்தியால் காயமுற்று மரணப் படுக்கையில் இருந்தபோது, அடுத்த கலீஃபாவைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை ஆறு ஸஹாபாக்களிடம் ஒப்படைத்தார்கள். தம் மகனார் அப்துல்லாஹ் (ரலி) அவர்கள் ஆலோசனையில் கலந்துகொள்ளலாம். ஆனால் அப்பதவியில் அவருக்குப் பங்கில்லை என்று தெளிவாக்கினார்கள். இடைப்பட்ட நாட்களில் தொழுகை நடத்தும் பொறுப்பு, அந்த அறுவரில் எவருக்கும் கொடுக்கப்படாமல் ஸுஹைப் (ரலி) அவர்களுக்குக் கொடுக்கப்பட்டது. இமாமின் இடத்தில் முன்கூட்டியே நிற்பவர் தலைமைக்கும் உரியவராகத் தோன்றிவிடுவார் அன்றோ!

அந்த அறுவருள் ஒருவரான அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள் செய்ததுதான் நம் கேள்விக்கு நேரான விடை. தேர்ந்தெடுக்கும் பொறுப்பை ஏற்க முன்வந்த அவர்கள், அதற்கு முன்பாகத் தம் உரிமையை விட்டுக்கொடுத்தார்கள். தாம் போட்டியில் இல்லை என்று ஆன பிறகே, எவர் தகுதியானவர் என்று மதீனாவின் மக்களிடம் இரவு பகலாகக் கேட்டறிந்தார்கள். அவர்களுடைய நேர்மையை ஐயுற்றவர் எவருமில்லை. சுவனத்திற்கு நன்மாராயம் கூறப்பட்ட பதின்மருள் அவர்களும் ஒருவர். அத்தகையவரே தம்மை விலக்கிக்கொண்ட பின்னர்தான் தேர்வு செய்யத் துணிந்தார் எனின், நம்மைப் போன்றோர் விலகாமல் தேர்வு நடத்துவது எப்படித் தகும்?

வகீலின் எல்லை

பொதுக்குழு என்பது உறுப்பினர்களின் பிரதிநிதி. மார்க்கச் சட்ட நூல்களில் பிரதிநிதியை வகீல் என்பர். வகாலத் பற்றிய பாடத்தில் ஷாபிஈ மத்ஹபின் சட்டம் ஒன்றை மாணவர்கள் தொடக்கத்திலேயே கற்கின்றனர். ஒரு பொருளை விற்றுத் தரும்படி வகீலாக்கப்பட்டவர், அப்பொருளைத் தமக்கே விற்றுக்கொள்ளக் கூடாது. தம் சிறு பிள்ளைக்கு விற்பதும் கூடாது. நியாயமான விலையைக் கொடுத்தாலுமா என்று மாணவர் கேட்பதுண்டு. ஆம், கொடுத்தாலும்தான். விற்பவரின் நலன் விலையை உயர்த்துவதில் இருக்கிறது. வாங்குபவரின் நலன் அதைக் குறைப்பதில் இருக்கிறது. ஒரே உள்ளத்தில் இரண்டும் குடியிருக்கும்போது, உரிமையாளருக்காக வாதாட அங்கே எவருமில்லை.

இதைக் கட்சி அமைப்பில் பொருத்திப் பார்ப்போம். தலைவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அடிப்படை உறுப்பினருடையது. சுவரொட்டி ஒட்டுபவர், வாக்குச்சாவடி வாயிலில் வெயிலில் நிற்பவர், தம் ஊரில் கொடிக்கம்பம் நட்டதற்காக வழக்குச் சுமப்பவர் ஆகியோருடையது. அவர்களுக்காக மண்டபத்தில் அமர்ந்திருப்பவர்கள் வகீல்கள். அவர்கள் விதியைத் திருத்தலாம், தேதியை மாற்றலாம். ஆனால் அத்திருத்தத்தின் பயன் அத்தேர்தலிலேயே தமக்கும் தம்மைச் சார்ந்தோருக்கும் வந்து சேர்கிறது எனின், வகீல் பொருளைத் தமக்கே விற்றுக்கொண்டார் என்றுதான் பொருள். பொருள் நல்ல கையில்தான் போய்ச் சேர்ந்தது என்பது வேறு பேச்சு.

மாற்றலாகாது என்று தொடக்கத்திலேயே எழுதப்பட்ட விதியைப் பற்றியும் ஒரு சொல். வக்ஃபு செய்தவர் விதித்த நிபந்தனையை முத்தவல்லி தம் வசதிக்காக மாற்றலாகாது என்பது ஃபிக்ஹின் நிலையான கொள்கை. கட்சி வக்ஃபு அன்று. காலத்திற்கேற்ற மாற்றம் அதற்குத் தேவைப்படலாம். எனினும் இரண்டிலும் பொதுவான உண்மை ஒன்றுண்டு. இல்லாதவர்களைக் காப்பதற்காகவே சில நிபந்தனைகள் எழுதப்படுகின்றன. வக்ஃபின் நிபந்தனை இனிப் பிறக்கப்போகும் ஏழையைக் காக்கிறது. கட்சியின் அந்த விதி மண்டபத்திற்குள் இடமில்லாத தொண்டனைக் காத்தது. உள்ளே இருப்பவர்கள் ஒருமனதாகக் கை உயர்த்தினாலும், வெளியே இருப்பவனின் உரிமை அதனால் கைமாறிவிடாது. எவனுடைய உரிமையோ அவன் சம்மதித்தானா என்பதே கேள்வி.

தீர்ப்பு எதுவரை?

நீதிமன்றம் தீர்த்துவிட்ட பிறகு இக்கேள்விக்கு என்ன வேலை என்று சிலர் வினவலாம். நீதிமன்றத் தீர்ப்பை மதித்து நடத்தல் கடமை. ஆனால் அத்தீர்ப்பு எதைச் சொன்னது என்பதைப் படித்துப் பார்க்க வேண்டும். 2023இல் உச்சநீதிமன்றம், இடைக்கால ஆணை சரியா என்பதையே முடிவு செய்தது. நிலுவையிலுள்ள மூல வழக்குகளின் முடிவைத் திறந்தே விட்டது. தேர்தல் ஆணையத்தின் வேலையும் ஓர் எல்லைக்குட்பட்டது. 1969இல் காங்கிரஸ் பிளந்தபோது எழுந்த சாதிக் அலி வழக்கில், 1971இல் உச்சநீதிமன்றம் பெரும்பான்மை என்னும் அளவுகோலை ஏற்றது. அதுமுதல் சின்னம் யாருக்கு என்னும் வழக்குகளில் எண்ணிக்கைக்கே முதன்மை கிடைத்து வருகிறது. கட்சி அமைப்பில் எத்தனை பேர், சட்டமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் எத்தனை பேர் என்று ஆணையம் எண்ணும். அந்த எண்ணிக்கை எப்படிச் சேர்ந்தது என்பதை ஆராய அதற்குப் போதிய கருவியில்லை. ஜெர்மனி நாடு 1949இல் இயற்றிய அரசியல் சட்டம், கட்சிகளின் உள்ளமைப்பு மக்களாட்சி நெறிக்கு ஒத்திருக்க வேண்டும் என்று கட்டளையிடுகின்றது. நம் நாட்டில் 1999இல் சட்ட ஆணையம் இத்தகைய ஏற்பாட்டைப் பரிந்துரைத்தும் அது சட்டமாகவில்லை.

இங்கேதான் மார்க்கத்தின் நுட்பமான பாடம் ஒன்று துணைக்கு வருகிறது. தம்மிடம் வழக்குரைப்போருள் ஒருவர் சொல்வன்மையால் மிகைத்துவிடலாம். கேட்டதைக் கொண்டே தாம் தீர்ப்பளிப்பதாகவும், அவ்வாறு பிறருடைய உரிமை ஒருவருக்குக் கிடைத்துவிட்டால் அது நெருப்பின் துண்டு என்று அவர் அறிய வேண்டும் எனவும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். இதைக் கொண்டே, காழியின் தீர்ப்பு வெளியுலகில் செல்லுபடியாகும், ஆனால் உரிமையில்லாததை உள்ளபடி ஹலாலாக்கிவிடாது என்று இமாம் ஷாபிஈ (ரஹ்) போன்றோர் விளக்கினர். இவ்வழக்கில் எவரும் பொய் சொன்னார் என்பது நம் கூற்றன்று. வென்றேன் என்பதும், உரிமை பெற்றேன் என்பதும் வெவ்வேறு கேள்விகள் என்பதே நம் கூற்று. முதல் கேள்விக்கு நீதிமன்றம் விடை தரும். இரண்டாவதற்கு மனிதன் தானே விடை தர வேண்டும். மறுமையில் அதே கேள்வி மீண்டும் கேட்கப்படும்.

நம் வீட்டு முற்றம்

பிற கட்சிகளிலும் இந்நோய் இல்லாமலில்லை. 2025இல் பாட்டாளி மக்கள் கட்சியில் தந்தையும் மகனும் எதிரெதிரே நின்ற காட்சியை நாடு கண்டது. நம் சமுதாய அரசியலும் விலக்கன்று. 1948 மார்ச் 10இல் சென்னையில் கூடி, முஸ்லிம் லீகைத் தொடர்வதா கலைப்பதா என்னும் கடினமான கேள்வியைக் காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயில் சாஹிப் அவர்களின் தலைமையில் விவாதித்தே முடிவு செய்த மரபு நமக்கு உண்டு. அவர்கள் 1972இல் மறைந்த சில ஆண்டுகளுக்குள் கேரளத்தில் லீக் இரண்டாகி, 1985இல்தான் மீண்டும் ஒன்றாயிற்று என்பதும் நம் வரலாறே.

ஆனால் கட்சிகளைக் குறை கூறி அமைதியடைவது எளிது. நம் ஊர்களில் ஜமாஅத் நிர்வாகத் தேர்தல்கள் எப்படி நடக்கின்றன? வாக்காளர் பட்டியலைத் தயாரிப்பவர் யார்? சந்தா பாக்கி என்று சொல்லி எவருடைய பெயர், எந்த நாளில் நீக்கப்படுகிறது? தேர்தலை நடத்துபவர் அதே தேர்தலில் நிற்கிறாரா? கணக்குக் கேட்டவரைக் குழப்பக்காரர் என்று பெயரிட்டு ஒதுக்கிவிடுகிறோமா? இக்கேள்விகளுக்கு நம் மஹல்லாக்களில் நேர்மையான விடை கிடைக்குமானால், நாட்டுக் கட்சிகளுக்குப் புத்தி சொல்லும் தகுதி நமக்கு வரும்.

செய்ய வேண்டியவை அரியவை அல்ல. தேர்தலை நடத்துபவர் அத்தேர்தலில் நிற்கக் கூடாது. விதியில் செய்யும் திருத்தம் அடுத்த தேர்தலிலிருந்தே நடைமுறைக்கு வர வேண்டும். எவர் பயனடைவார் என்று தெரியாத நிலையில்தான் மனிதன் நேர்மையாகத் திருத்துவான். உறுப்பினர் பட்டியல் பல வாரங்களுக்கு முன்பே அனைவரும் பார்க்கும்படி வைக்கப்பட வேண்டும். எதிர்த்து நின்றவரை விலக்குவதா என்பதை, அவரோடு போட்டியிட்டவர் முடிவு செய்யக் கூடாது. தம் சொந்த வழக்கில் காழி தீர்ப்பளிக்கக் கூடாதென்பது ஃபிக்ஹின் அரிச்சுவடி. இவை அனைத்தும் விரிந்த ஒரே விதிதான்: பிரிப்பவர் ஒருவர், எடுப்பவர் மற்றொருவர்.

இப்படியெல்லாம் செய்தால் வலிமையான தலைவர் உருவாக மாட்டார் என்று அஞ்சுவோர் உண்டு. தம்முடன் போட்டியிட எவருமே இல்லாதபடி செய்துகொண்டு வென்ற தலைவர், தம்மை எத்தனை பேர் உண்மையில் விரும்புகின்றனர் என்பதை அறியவே வழியில்லை. கைதட்டல் கேட்கும், அது அன்பினாலா அச்சத்தினாலா என்பது அவருக்கே தெரியாது. முறையான தேர்தலில் சிறிது வேறுபாட்டில் வென்றவரோ, தமக்குக் கிடைத்தது பிறர் மனமுவந்து தந்த அமானத் என்று நிம்மதியுடன் உறங்கலாம். தோற்றவரும் தமக்கு அநீதி இழைக்கப்படவில்லை என்னும் மனநிறைவோடு, மறுநாள் அதே ஸஃப்பில் தோளோடு தோள் சேர்ந்து நிற்கலாம். ஓர் அமைப்பு பிளவுபடாமல் நிலைப்பதற்கு, வென்றவரின் திறமையைக் காட்டிலும் தோற்றவரின் இந்த மனநிறைவே பெரிதும் காரணமாகிறது.

தம் காரியங்களைக் கலந்தாலோசித்து நடத்துவோரை அருள்மறை புகழ்கின்றது. அமானத்தை உரியவரிடம் சேர்ப்பிக்கும்படி கட்டளையிடுகின்றது. இவ்விரண்டும் பிரிக்க முடியாதவை. உரியவனிடம் கேளாமல் செய்யும் ஆலோசனை, எத்தனை பேர் கூடிச் செய்தாலும், பிறர் பொருளைப் பற்றிய பேச்சாகவே முடியும். பிறர் நம்பி அளித்ததைப் பிறருக்காகவே கையாளும் மனவலிமையை வல்ல நாயன் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.